சவர்த் தண்ணீரில் கழுவிய கண்ணாடி

1. பலகை எழுதிய காலம்

கட்டாரில் ஏழு வருடம் வாகனங்களுக்கு முன் கண்ணாடி மாற்றிய கையோடு ஊருக்கு வந்தேன். யுத்தம் முடிந்திருந்த காலம். புத்தளம் தில்லையடியில், கொழும்பு ரோட்டைப் பார்த்த எங்கள் வீட்டுக்கு முன்னால் தகரக் கூரை போட்டு, "முன் கண்ணாடி மாற்றித் தரப்படும்" என்று பலகை எழுதித் தொங்கவிட்டேன். மனைவியின் தம்பி ரிஸ்வி அதை அண்ணாந்து பார்த்துவிட்டு, "மச்சான், புத்தளத்துல அவ்வளவு கண்ணாடி ஒடையுமா?" என்று கேட்டான்.

உடைந்தது. மன்னார்ப் பக்கம் போகும், சரளை போட்ட கிரவல் பாதையில் வாகனங்கள் ஓடத் தொடங்கியிருந்தன. நுரைச்சோலைப் பக்கம் சல்லிக்கல் ஏற்றிய டிப்பர்கள் வரிசையாகப் போயின. முன்னால் போகும் டயர் ஒரு சின்னக் கல்லைத் தூக்கி அடித்தால் போதும். காலையில் கண்ணாடியில் ஒரு புள்ளி இருக்கும். மத்தியான வெயிலுக்கு அது ஒரு முழ நீளக் கோடாகியிருக்கும். அப்படிக் கேட்ட ரிஸ்வியையே பலகை தொங்கிய முதல் வாரத்தில் கூலிக்கு வைத்துக்கொண்டேன். கண்ணாடி தூக்க இரண்டு பேர் வேண்டும்.

முதல் வாடிக்கையாளர் உடப்பு சிவராசா அண்ணன். உடப்பில் இருந்து பதினொரு டீச்சர்மாரை ஏற்றி, முந்தல், மதுரங்குளி, புத்தளம் என்று ஒவ்வொரு பாடசாலையாக இறக்கிவிட்டு, பின்னேரம் திரும்ப ஏற்றிக்கொண்டு போகும் வேன் அவருடையது.

"கண்ணாடி பாஸ் நீங்கதானா?" என்றார். எங்கள் பக்கத்தில் கைத்தொழில் தெரிந்த எவரும் பாஸ்தான். மேசன் பாஸ், பெயின்ட் பாஸ். நான் கண்ணாடி பாஸ். முஸ்லிம் ஆணை மரியாதையாக 'நானா' என்று கூப்பிடுவதும் எங்கள் பக்கத்து வழக்கம்.

"ஓம் அண்ணன். கட்டார்ல ஒரு நாளைக்கு ஆறு கண்ணாடி போட்டவன் நான்."

"எத்தனை போட்டீங்கண்டு நான் கேக்கல்ல நானா. இந்தக் கண்ணாடிக்குப் பின்னால என்ட மகள் இருந்து வாறவ. அவவும் டீச்சர்தான். வயித்துல பிள்ளை, மூணு மாசம். பின் சீட்டுல இருந்தா ஆட்டத்துல வயித்தப் பிரட்டிச் சத்தி எடுப்பா. அதால முன்னுக்குத்தான் இருப்பா. அவவுக்கு ஒண்டும் வரக்கூடாது. அதைத்தான் கேக்கிறன்."

"ஒண்டும் வராது. அது என்ட பொறுப்பு."

எவ்வளவு லேசாகச் சொன்னேன் என்று நினைத்தால் இன்றைக்கும் காது சுடுகிறது.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருபவர்களும், வாகனத்தை யாரிடம் கொடுப்பது என்று யோசிப்பவர்களும் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். முன் கண்ணாடி காற்றை மறைக்கும் தட்டி அல்ல. வாகனம் புரண்டால் கூரையைத் தாங்குவதில் அதற்கும் பங்கு உண்டு. இடது முன் சீட்டின் எயார்பேக் விரியும்போது கண்ணாடியில் முட்டித்தான் ஆள் பக்கம் திரும்பும். கண்ணாடி கழன்று போனால் எயார்பேக் வெளியே போகும், ஆளும் போகலாம். இத்தனையையும் பிடித்து வைத்திருப்பது சுற்றிவர விரல் தடிப்பில் ஓடும் சீலர் என்ற கறுப்புப் பசை ஒன்றுதான்.

வேலை இப்படி நடக்கும். பழைய கண்ணாடியின் ஓரத்தில் மெல்லிய கம்பியை நுழைத்து, உள்ளே ஒருவரும் வெளியே ஒருவருமாக இழுத்துச் சீலரை அறுப்போம். பிறகு வாகனத்தின் பிரேமையும் புதுக் கண்ணாடியின் விளிம்பையும் தண்ணீரில் அலசித் துடைத்து, ஸ்பிரிட் போட்டு இன்னொரு முறை துடைத்து, சீலர் பிடிப்பதற்கான பிரைமர் பூசிக் காயவிட்டு, அதன் மேல் சீலரை ஓட்டி, கண்ணாடியைத் தூக்கி வைப்போம். கட்டாரில் எனக்கு அப்படித்தான் பழக்கினார்கள். அங்கே வரும் வாகனம் முழுக்கத் தூசி. குழாய்த் தண்ணீரில் அலசாமல் ஒன்றும் தொடங்க முடியாது. இங்கே குழாய்க்குப் பதில் வீட்டுக்குப் பின்னால் கிணறு. வாளியில் அள்ளினேன், அலசினேன், துடைத்தேன்.

சிவராசா அண்ணனின் வேன் மறுநாள் போனது. அடுத்த கிழமை ஒரு பார்சல் கருவாடு கொண்டுவந்து தந்தார். அதற்குப் பிறகு கடையைக் கடக்கும்போதெல்லாம் ஒரு ஹோர்ன் அடித்துவிட்டுத்தான் போவார்.

2. பாடுகிற கார்

மூன்று மாதம் நன்றாகத்தான் போனது. பிறகு ஒரு புதன்கிழமை, மதுரங்குளியில் இருந்து ஓய்வுபெற்ற பள்ளிக்கூட மாஸ்டர் ஒருவர் தன் காரைக் கொண்டுவந்தார். அதற்கும் நான்தான் கண்ணாடி போட்டிருந்தேன்.

"எனக்குப் பாட்டெண்டா விருப்பம்தான் தம்பி" என்றார். "ஆனா அறுபதுக்கு மேல போனா மட்டும் விசிலடிக்கிற கார் எனக்குத் தேவல்ல."

ஓரத்து ரப்பர் எழும்பியிருக்கும் என்று நினைத்தேன். ரப்பர் சரியாக இருந்தது. கண்ணாடியைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும் என்று மாஸ்டரைக் கதிரையில் உட்காரவைத்துவிட்டு, ரிஸ்வியும் நானும் கம்பியைப் போட்டோம். நன்றாக ஒட்டிய கண்ணாடியை அறுக்க அரை மணித்தியாலம் ஆகும், தோள் கழன்றுவிடும். அன்றைக்கு இரண்டு இழுப்புத்தான். மேல் விளிம்பு முழுக்க, போத்தலில் ஒட்டிய லேபல் ஊறி வருவது போல எழும்பி வந்தது.

தொட்டுப் பார்த்தேன். சீலர் பிரேமில் கிடந்தது. கண்ணாடியில் அது இருந்த இடம் வழுவழுவென்று இருந்தது. விரலில் கோதுமை மா போல ஏதோ வெள்ளையாக ஒட்டியது.

கொழும்பில் சீலர் விற்பவருக்குப் போன் எடுத்துக் கத்தினேன். எனக்குக் கோபம் வந்தால் முதலில் பிழை எல்லாம் அடுத்தவன் தலையில்தான் விழும். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பாஸ், இதே சீலர்தான் நாடு முழுக்கப் போகுது. ஒங்களுக்கு மட்டும் ஒட்டல்லயெண்டா நான் என்ன செய்ய?" என்று வைத்துவிட்டார்.

வேறு பெட்டிச் சீலரை எடுத்துக்கொண்டு, மாஸ்டரின் கண்ணாடியைக் கழுவ வாளியில் தண்ணீர் கொண்டுவந்தேன். என் மனைவி ஃபரீனா எங்களுக்கும் மாஸ்டருக்கும் தேத்தண்ணி கொண்டுவந்தவள், வாளியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கெணத்துத் தண்ணியிலயா கழுவுறீங்க?"

"வேற எந்தத் தண்ணியில கழுவ?"

"இந்தத் தேத்தண்ணிக்கு நான் கேன்ல நல்ல தண்ணி வாங்கி ஊத்துறன். சவர்த் தண்ணியில ஊத்திக் குடுத்தா நீங்க ஒரு வாய் குடிப்பீங்களா? கோப்பைய வீசுவீங்க. கண்ணாடிக்கு மட்டும் அது நல்லமா?"

நான் சிரித்தேன். மாஸ்டரும் சிரித்தார். பிறகு அவர் சிரிப்பதை நிறுத்தினார். நானும் நிறுத்தினேன்.

உடைந்த கண்ணாடித் துண்டு ஒன்றை எடுத்து, ஒரு பக்கத்தில் கிணற்றுத் தண்ணீர் ஒரு துளி, மற்றப் பக்கத்தில் கேன் தண்ணீர் ஒரு துளி விட்டு வெயிலில் வைத்தேன். தேத்தண்ணி ஆறுவதற்குள் இரண்டும் காய்ந்துவிட்டன. கேன் தண்ணீர் இருந்த இடம் தெரியவில்லை. கிணற்றுத் தண்ணீர் இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு வளையம்.

நான் இந்த ஊரில் பிறந்தவன். எங்கள் கிணறு சவர், உப்புக் கரிக்கும், குளிக்க, உடுப்புக் கழுவ மட்டும் என்று நடக்கத் தொடங்கிய நாளில் இருந்து தெரியும். அந்தத் தண்ணீர் எங்கள் வீட்டு இரும்பு வாளிகளைத் துருவாகத் தின்பதையும் பார்த்தவன். ஆனால் குடிக்கிற தண்ணீர் எது என்று யோசித்த அளவுக்கு, வேலைக்கு எடுக்கிற தண்ணீரை யோசிக்கவில்லை. கட்டார்க் குழாயில் வந்தது கடல் தண்ணீரில் உப்பை எடுத்துவிட்டு அனுப்பும் தண்ணீர். அங்கே பழகிய பழக்கத்தை அப்படியே இங்கே கொண்டுவந்து, உப்புத் தண்ணீரில் செய்திருக்கிறேன். ஸ்பிரிட்டில் எண்ணெய்தான் போகும், உப்புப் போகாது. மூன்று மாதமாக நான் பிரைமர் பூசியது கண்ணாடியில் அல்ல, உப்பின் மேல்.

3. ரிஸ்வி சொன்னது

அப்படி ஒன்பது வாகனத்துக்குப் போட்டிருந்தேன். மாஸ்டருடையது போக எட்டு. "முதல்ல மத்தவங்களப் பாருங்க தம்பி, எனக்கு அவசரமில்ல" என்று சொல்லிவிட்டு, காரை விட்டுவிட்டு மாஸ்டர் பஸ்ஸில் போனார்.

அவர் போன பிறகு ரிஸ்வி சொன்னான். "மச்சான், கொற சொல்லிக்கொண்டு வாறவங்களுக்கு நல்லாச் செஞ்சு குடுப்பம். வராதவங்களத் தேடிப் போய் 'என்ட வேலை பிழை'ண்டு நீங்களே சொன்னா, பெறகு இந்தப் பலகையக் கழட்டி வெக்க வேண்டியதுதான். சிலாபத்துல கண்ணாடி போடுறவன் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பான்."

அவன் கெட்டவன் இல்லை. அவனுக்கும் இரண்டு பிள்ளைகள். அந்தப் பலகைதான் அவன் வீட்டுக்கும் சோறு. ஒரு மணித்தியாலம் அவன் சொன்னது எனக்குச் சரியாகவே பட்டது என்பதை மறைக்கப் போவதில்லை. எட்டில் ஆறு நன்றாகக்கூட ஒட்டியிருக்கலாம், எல்லாம் கழன்றா விழப்போகிறது என்று கணக்குப் போட்டுக்கொண்டு இருந்தேன்.

இரண்டு மணி இருக்கும். ரோட்டில் ஹோர்ன் சத்தம் கேட்டது. சிவராசா அண்ணனின் வேன். டீச்சர்மாரை ஏற்றிக்கொண்டு உடப்புக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். நான் போட்ட கண்ணாடிக்குப் பின்னால், முன் சீட்டில், மகள் தமயந்தி வயிற்றின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு இருந்தாள். இப்போது ஆறு மாதம்.

போனை எடுத்தேன். ரோட்டு ஓரத்தில் நிறுத்திவிட்டுத்தான் அவர் பதில் சொன்னார்.

"அண்ணன், பிள்ளையப் பின் சீட்டுக்கு மாத்துங்க. நாப்பதுக்கு மேல போகாதீங்க. நான் பின்னாலயே வாறன்."

"ஏன் நானா, என்ன?"

"வந்து சொல்லுறன்."

ரிஸ்வி கம்பியையும் சீலரையும் அதை அடிக்கும் கன்னையும் ஓட்டோவில் ஏற்றினான். அடுப்படியில் இருந்த இரண்டு கேன் நல்ல தண்ணீரையும் ஃபரீனாவே தூக்கிக்கொண்டுவந்து வைத்தாள்.

4. பதினொரு போன்

உடப்பில், கடற்கரைக்குக் கிட்ட, சிவராசா அண்ணனின் வீட்டு முற்றத்தில் வேன் நின்றது. அவர் கதவில் சாய்ந்துகொண்டு நின்றார். நான் சுற்றி வளைக்கவில்லை. கிணற்றுத் தண்ணீர், உப்பு, பிரைமர், மாஸ்டரின் கார் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் போய் உள்ளங்கையால் கண்ணாடியை அழுத்திப் பார்த்தார்.

"அசையுதில்லையே."

"மாஸ்டர்ட காரும் அசையல்ல அண்ணன்."

"அப்ப வெட்டிக் காட்டுங்க."

நன்றாக ஒட்டியிருக்க வேண்டும் என்று உள்ளுக்குள் துஆ கேட்டுக்கொண்டே கம்பியைப் போட்டேன். வலது பக்கம் இறுக்கமாக இருந்தது. ரிஸ்வியும் நானும் வியர்க்க வியர்க்க இழுத்தோம். கொஞ்சம் மனம் ஆறியது. மேல் விளிம்புக்கு வந்து, அதைத் தாண்டி இடது பக்கம் திரும்பியபோது கம்பி தானாக ஓடியது. இடது பக்கம் முழுவதும் வெள்ளை. கையால் தூக்கினேன், வந்தது.

சிவராசா அண்ணன் அந்த வெள்ளையை விரலால் தடவினார். பிறகு அங்கே கிடந்த தோணிக் கட்டை ஒன்றில் உட்கார்ந்தார்.

"என்ட பிள்ளை இருந்த பக்கம்" என்றார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட, மூன்று மாதம் இந்த வேன் கொழும்பு ரோட்டில் லொறிகளுக்கு நடுவே ஓடியதை நினைக்கப் பயமாக இருந்தது. தமயந்தி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே போய் ஒரு கதிரையைக் கொண்டுவந்து எனக்குப் போட்டாள். என்னால் அதில் உட்கார முடியவில்லை.

"இப்ப என்ன செய்யப் போறீங்க?" என்று அவர் கேட்டார்.

"எல்லாம் சீவி எடுத்து, நல்ல தண்ணியில கழுவி, இதே கண்ணாடியத் திரும்பப் போடுறன். நாளைக்கு முழுக்க வேன் அசையக்கூடாது. வெள்ளிக்கிழமை ஓடலாம்."

"நாளைக்கு டீச்சர்மாருக்கு நான் என்ன சொல்ல?"

"உள்ளதைச் சொல்லுங்க."

அவர் சொன்னார். நான் முழங்காலில் நின்று பிரேமைச் சீவிக்கொண்டிருக்க, எனக்குப் பக்கத்திலேயே நின்று, மகள் போக மற்றப் பதினொரு டீச்சர்மாருக்கும் ஒவ்வொருவராகப் போன் எடுத்தார். முதல் ஆளுக்கு, "நாளைக்கு வேன் ஓடாது டீச்சர், கண்ணாடி பாஸ் பிழையா ஒட்டிப்போட்டார்." மூன்றாவது ஆளுக்கு, "உப்புத் தண்ணியில கழுவினவராம்." ஐந்தாவது ஆளுக்கு, "ஓம் டீச்சர், புத்தளத்து ஆள்தான், கிணறு சவரெண்டு தெரியாதாம்." ஏழாவது ஆளுக்கு, "கட்டார்ல ஒரு நாளைக்கு ஆறு போட்டவராம்." ரிஸ்விக்குச் சிரிப்பு வந்து முகத்தைத் திருப்பிக்கொண்டான். என் மானம் உடப்பு முழுக்க ஒவ்வொரு வீடாகப் போய்க்கொண்டிருந்தது. நான் தலையைத் தூக்காமல் சீவினேன்.

பதினோராவது டீச்சர் ஏதோ நீளமாகக் கேட்டார் போலிருக்கிறது. சிவராசா அண்ணன் போனை மற்றக் காதுக்கு மாற்றினார். பிறகு, "இல்ல டீச்சர், நான் கண்டுபிடிக்கல்ல. எனக்கு ஒண்டும் தெரியாது. அவரேதான் வந்து சொன்னவர்" என்றார்.

தண்ணீர் எடுப்பது போல வேனுக்குப் பின்னால் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

பொழுது சாய்வதற்குள் கண்ணாடி ஏறிவிட்டது. சீலர் காய ஈரக் காற்று நல்லது. அதற்கு உடப்பில் குறைவில்லை. சீலர் பிடிக்கும் வரை கதவை அடித்துச் சாத்தினால் உள்ளே அடைபட்ட காற்றுக் கண்ணாடியைத் தள்ளும். அதனால் பக்கக் கண்ணாடியை நாலு விரல் இறக்கிவிட்டேன். நான் சொன்னதை எல்லாம் சிவராசா அண்ணன் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டார். நன்றி என்றும் சொல்லவில்லை, திட்டவும் இல்லை.

5. முன் சீட்

நல்ல பாஸை எப்படித் தெரிந்துகொள்வது என்று பலர் என்னிடம் கேட்கிறார்கள். எந்தத் தண்ணீரில் கழுவுகிறீர்கள் என்று கேளுங்கள். கேள்வியைக் கேட்டுச் சிரித்தால் வேறு இடம் பாருங்கள். எப்போது வாகனத்தை எடுக்கலாம் என்று கேளுங்கள். "இப்பவே எடுங்க" என்று சீலரின் பெட்டியைக்கூடப் பார்க்காமல் சொல்பவனிடம் விடாதீர்கள். கழற்றிய பிரேமில் துரு இருந்தால் அதை உங்களைக் கூப்பிட்டுக் காட்டுகிறானா, கறுப்பைப் பூசி மறைக்கிறானா என்று பாருங்கள். கடல் பக்கத்து வாகனத்தில் துரு இல்லாமல் இருக்காது. கண்ணாடி ஒட்டும் வேகத்தைப் பார்த்து மயங்காதீர்கள். ஒட்டுவதற்கு முந்திய வேலைதான் வேலை.

சிவராசா அண்ணன் இவை ஒன்றையும் கேட்கவில்லை. வியாழக்கிழமை பின்னேரம் போன் எடுத்து, "விடிய ஆறு மணிக்கு இங்க நில்லுங்க நானா" என்றார். ஏதோ குறை கண்டுவிட்டார் என்று நினைத்து, விடிகாலைச் சுபஹு தொழுத கையோடு மோட்டர் சைக்கிளில் போனேன்.

வேனின் இடது முன் கதவைத் திறந்து வைத்திருந்தார்.

"ஏறுங்க."

"பிள்ளை?"

"பிள்ளை பின்னுக்கு இருக்கட்டும். நீங்க முன்னுக்கு இருங்க."

ஏறினேன். தமயந்தி ஒரு பொலித்தீன் பையும் முகர்ந்து பார்க்கப் பாதித் தேசிக்காயும் வைத்துக்கொண்டு பின்னால் இருந்தாள். ஏறிய ஒவ்வொரு டீச்சரும் என்னைப் பார்த்தார்கள். ஒருவர், "இவர்தானா?" என்று கேட்டார். "இவர்தான்" என்றார் சிவராசா அண்ணன். கண்ணாடியைச் சோதிப்பது போல, பள்ளம் கண்ட இடமெல்லாம் விலத்தாமல் வேனை விட்டார். லொறிகளை முந்தினார். முகத்துக்கு நேரே, இரண்டு முழத்தில், நான் ஒட்டிய கண்ணாடி. ஏழு வருடமும் மூன்று மாதமும் கண்ணாடி போட்டவன், நான் போட்ட கண்ணாடிக்குப் பின்னால் இருந்து ஒரு நாளும் பயணம் போனதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மதுரங்குளிக்குக் கிட்ட தமயந்தி சத்தி எடுத்தாள். வேனை ஓரமாக்கினார். நான் இறங்கி, "பிள்ளை முன்னுக்கு வரட்டும் அண்ணன், நான் பின்னுக்குப் போறன்" என்றேன்.

"இன்னும் இல்ல" என்றார்.

தமயந்தி வாயைக் கொப்பளித்துவிட்டு, "எனக்குப் பரவாயில்ல நானா, நீங்க ஏறுங்க" என்றாள். அந்தப் பரவாயில்லைதான் என்னைச் சுட்டது. என் பிழைக்காக அவள் பின் சீட்டில் ஆடிக்கொண்டு வந்தாள்.

வெள்ளி, திங்கள், செவ்வாய் என்று மூன்று நாள் அப்படிப் போனேன். வேன் புத்தளத்தில் நிற்கிற நேரத்தில் மற்ற வாகனங்களைத் தேடிப் போனோம். ஏழில் இரண்டு நன்றாக ஒட்டியிருந்தன. ஒருவர் வாசலில் வைத்து ஏசினார். ஒருவர் என்னைத் தொடவிடாமல் சிலாபத்துக்குக் கொண்டுபோனார். அவர் செய்தது சரிதான். மாஸ்டரின் கார் பாட்டை விட்டுவிட்டது. பலகையைக் கழற்ற வேண்டி வரும் என்று ரிஸ்வி பயந்தது நடக்கவில்லை. ஆனால் இரண்டு மாதம் கடைக்கு ஆள் வரவு குறைந்தது உண்மை.

புதன்கிழமை விடிய மோட்டர் சைக்கிளை உருட்டிக்கொண்டு வெளியே வரும்போது போன் அடித்தது.

"நானா, இண்டைக்கு நீங்க வர வேணாம்" என்றார் சிவராசா அண்ணன். "பிள்ளை முன்னுக்கு இருக்கு."

அவ்வளவுதான், வைத்துவிட்டார். நான் மோட்டர் சைக்கிளைத் திரும்ப உள்ளே உருட்டினேன். கட்டாரில் ஏழு வருடத்துக்குத் தந்த சான்றிதழ் எந்த அலுமாரியில் கிடக்கிறதென்று எனக்கே தெரியாது. இந்தத் தொழிலில் எனக்குக் கிடைத்த சான்றிதழாக நான் நினைப்பது அந்தப் போனில் கேட்டதைத்தான்.